டிரம்ஸ் வாசித்த டிரெசர் ஐயா

மலேசியாவில், கோலசிலாங்கூர் தொடங்கி பத்தாங் பெர்ஜுந்தாய் வரைக்கும் உள்ள அத்தனை தோட்டங்களிலும், டிரம்ஸ் வாசிக்கும்போது வியர்க்காத ஒரே மனிதர் எங்கள் டிரெசர் ஐயாதான். மற்ற டிரம்மர்கள் இரண்டு பாட்டு முடிவதற்குள் மழையில் நனைந்து வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். எங்களவர் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு எழுந்தாலும் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலைந்திருக்காது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே ஒரு கல்யாணத்துக்குப் போகலாம். பெரும்பாலும் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்ததே கல்யாணத்தில்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை டிரெசர் என்போம். பெரிய டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மீதிப் பதினான்கு நாளும் டிரெசர்தான் டாக்டர். எங்கள் டிரெசர் யாழ்ப்பாணத்துக் குடும்பம்; ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பையில் சங்கிலி போட்ட கடிகாரம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

இளம் வயதில் அவர் வெள்ளைக்காரத் துரைமார்களின் கிளப்பில் ஜாஸ் வாசித்தவர். கிளப்பை மூடியபோது டிரம்ஸை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். எண்பதுகளின் நடுவில் நாங்கள் நாலு இளவட்டங்கள் 'மின்னல்' என்று ஒரு பேண்டு ஆரம்பித்தோம். நான் பாடகன். பாமாயில் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த செல்வம் கித்தார். இன்னும் இரண்டு பேர் ஆர்கனும் பேஸ் கித்தாரும். எங்களிடம் டிரம்ஸ் இல்லை, அவரிடம் இருந்தது. அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு இதைவிட உயர்ந்த காரணம் எதையும் என்னால் சொல்ல முடியாது.

ஊசியை எப்படி வைத்திருப்பாரோ அப்படித்தான் குச்சிகளையும் வைத்திருப்பார். வெள்ளைப் பீங்கான் தட்டு, மேலே துணி. வாசிப்பதற்கு முன்னால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டையும் துடைப்பார். அந்த வாசனை மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்குப் போகும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், வெள்ளைச் சட்டையையும் பஞ்சையும் பார்த்துவிட்டு, புட்டத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிடும். எங்கள் கச்சேரிகள் எல்லாமே அழுகையில்தான் ஆரம்பித்தன.

அடுத்தது நாடி. கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடிப்பார். எண்பதுக்கு மேல் போனால் அந்த ஆளோடு வாசிக்க மாட்டார்.

"உமக்குத் தொண்ணூற்றிரண்டு. பாட்டின்ர வேகம் எழுபத்தாறு. நீர் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடப் பாக்கிறீர். கொஞ்சம் இரும்."

செல்வம் இருக்க மாட்டான். தாவுவான், குதிப்பான், நாடி இன்னும் ஏறும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து, இசை எதுவும் இல்லாமல் வெறும் செருப்புச் சத்தத்தோடு மணமேடை ஏறினார். செல்வத்துக்கு அப்போதுதான் எண்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது.

சுங்கை சோவில் ஒரு கல்யாணம். பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வயதான அம்மா படியேறி நேரே டிரம்ஸ் பக்கம் போய்விட்டார்.

"ஐயா, முட்டி வலிக்குக் குடுத்த எண்ணெய்க்குக் கேக்கலீங்க."

"வெந்நீர் ஒத்தடம் குடுத்தனீங்களோ?"

"இல்லீங்க."

ஐயா வலது கைக் குச்சியைக் கீழே வைத்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு சீட்டில் மருந்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு நேரமும் இடது கையும் இரண்டு கால்களும் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்துகொண்டிருந்தன. பாடிக்கொண்டிருந்த எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நாலு கை கால்களுக்கும் நாலு தனித்தனி மூளை இருந்தால்தான் அது முடியும் என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. செல்வத்துக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஒரு கையிலயே முடியுற வேலைக்கு இவருக்கு எதுக்கு லா ரெண்டு கை?" என்றான்.

செல்வத்தின் கனவெல்லாம் ராக். பின்னால் இடி இடிக்க வேண்டும், டிரம்மர் தலையைச் சுழற்ற வேண்டும். ஐயாவோ ஒரு பாட்டுக்கு ஒரு தடவைதான் சிம்பல் என்கிற அந்தப் பெரிய பித்தளைத் தட்டை அடிப்பார். அதையும் தூங்குகிற நோயாளியை எழுப்புகிற மாதிரி அடிப்பார். பெரிய டிரம்முக்குள் ஆஸ்பத்திரிக் கம்பளியைத் திணித்து அதன் சத்தத்தையும் அடக்கிவைத்திருந்தார். ஒரு நாள் செல்வம் ஒரு ராக் கேசட்டைக் கொண்டுவந்து போட்டான். அதில் ஏழு நிமிடம் டிரம்ஸ் மட்டும் தனியாக முழங்கும். ஐயா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஏழு நிமிடமும் மரியாதையாகக் கேட்டார்.

"நல்ல பலசாலி. ஆனா மற்ற ஆக்கள் எல்லாம் எங்க போட்டினம்?"

"அது சோலோ ஐயா. அவரு திறமையக் காட்டுறாரு."

"ஆருக்குக் காட்டுறார்?"

செல்வம் கேசட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஐயா என்னிடம் விளக்கினார், அவர் பேச்சில் வருத்தம் என்றால் நோய்: "பாட்டு எண்டது ஒரு வருத்தக்காரன் மாதிரி, தம்பி. பக்கத்தில நிக்கிற எல்லாரும் பதறுவினம். டிரெசரும் சேர்ந்து பதறினா ஆள் முடிஞ்சார்." டிரம்ஸைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது இவ்வளவுதான். அதையும் நான் காதில் சரியாக வாங்கவில்லை. எனக்கும் இடி இடிக்கிற டிரம்மர்தான் வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் கோலசிலாங்கூர் மண்டபத்தில் பேண்டுப் போட்டி என்று அறிவித்தார்கள். முதல் பரிசு வாங்கினால் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை தோறும் வாசிக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. என் அப்பா எங்கள் தோட்டத்து மண்டோர். ஆள்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர். அதிகம் பேச மாட்டார். போட்டியைப் பற்றிச் சொன்னதும் அளந்து பேசினார்.

"வந்து பாக்குறேன். உருப்படியா இருந்தா பாடு. இல்லாட்டி மறுநாளே ஆலையில சேந்துரு. அதோட பாட்டு முடிஞ்சிச்சு."

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். தோட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

"டிரெசரை வச்சுக்கிட்டுப் போனா நீ ஆலையிலதான் லா" என்றான் செல்வம். கிள்ளானில் ராக்கி என்று ஒரு டிரம்மர் இருந்தான். ஒன்பது டிரம், நீளமுடி, குச்சியை மேலே எறிந்து பிடிப்பான். நம்மோடு சேர அவனுக்குச் சம்மதம். ஐயாவிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிட வேண்டும். நானும் தலையாட்டினேன். ஒரு மறுப்பும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

முதலில் செல்வம் போனான். அரைமணியில் ஒரு பாட்டில் வெள்ளை மருந்தோடு திரும்பி வந்தான்.

"சொல்லிட்டியா?"

"எங்க சொல்ல விட்டாரு? கையப் பிடிச்சாரு, நூத்தி நாலுன்னாரு. மூணு வேளையும் குடிக்கணுமாம்."

அடுத்து பேஸ் வாசிக்கிறவன் போனான். அவனுக்கு மருந்தோடு ஓர் ஊசியும் கிடைத்தது. இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டான். கடைசியில் என்னை அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில், கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவருக்கும் இருமிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது.

"ஐயா, ஒரு விஷயம் பேசணும்."

"பேசலாம். வாயைத் திறவும்."

திறந்தேன். தெர்மாமீட்டரை நாக்குக்குக் கீழே வைத்துவிட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். வாயில் கண்ணாடிக் குழாயோடு ஒருவரை வேலையைவிட்டு நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூடு இல்லை. நாடி நூற்றிப் பத்து. உமக்கு வருத்தம் ஒண்டும் இல்லை, பயம். என்னத்துக்குப் பயப்படுறீர்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "போட்டிய நெனச்சு ஐயா. அப்பா வர்றாரு."

"அதுக்கு ஏன் பயம்? நான் இருக்கிறன்தானே."

எனக்கு மருந்துகூடக் கொடுக்கவில்லை. வெளியே வந்து செல்வத்திடம், அவர்தான் வாசிக்கிறார் என்றேன். அவன் என்னைத் திட்டிய வார்த்தைகளை அச்சில் போட முடியாது. ராக்கி வேறு பேண்டோடு சேர்ந்துகொண்டான்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராக்கியின் பேண்டு எங்களுக்கு முன்னால் ஏறியது. மண்டபம் அதிர்ந்தது. உச்சகட்டத்தில் ராக்கி குச்சியை மேலே எறிந்தான். அது திரும்பி வரவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி அதை வாங்கி ஐந்தாவது வரிசைக்கு அனுப்ப, அது ஒருவருடைய நெற்றியைப் பதம் பார்த்தது. மருந்துப் பையோடு போனது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காயத்தைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டி, கையைக் கழுவிக்கொண்டு ஐயா மேடைக்குப் பின்னால் வந்தார். எல்லாருடைய நாடியையும் பார்த்தார். என் கையை மட்டும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஐயா?"

"பாடும்" என்றார். எண்ணைச் சொல்லவில்லை.

பல்லவியும் முதல் சரணமும் நன்றாகவே போயின. அப்போதுதான் அப்பாவைப் பார்த்துத் தொலைத்தேன். மூன்றாவது வரிசையில், காக்கிச் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்க நிற்பாரே, அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். இரண்டாவது சரணம் என் தலையைவிட்டு மொத்தமாகப் போய்விட்டது. அந்த இடத்தில், பிறந்ததிலிருந்து தினமும் காலையில் நான் கேட்டு வளர்ந்த அப்பாவின் பெயர் வரிசை வந்து நின்றது. முனியாண்டி, காளியம்மா, ராமாயி, சின்னையா. காதல் பாட்டில் 'முனியாண்டி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

என் இடம் வந்தது, நான் பாடவில்லை. ஆர்கன் நின்றது. செல்வம் என்னை முறைத்துவிட்டுக் கித்தாரை நிறுத்தினான். பேஸும் நின்றது. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உருட்டியிருப்பார்கள், முழக்கியிருப்பார்கள், தங்கள் மானத்தையாவது காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். ஐயா சத்தத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, வேகத்தை ஓர் இம்மிகூட மாற்றவில்லை. அதே தாளம். திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, சைகைகூட இல்லை. நமக்கு நிறைய நேரம் இருக்கிறது என்பது போல உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று போனது, இன்னொன்று போனது. ஜனங்கள் இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து மெல்லக் கைதட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் தாளத்துக்குள் என் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முனியாண்டி போனார், காளியம்மா போனார், எல்லாரும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரணம் வந்தது. பாடினேன். நான் எடுத்த அந்த இடத்தில் ஐயா பெரிய தட்டை அடித்தார், அந்தப் பாட்டுக்கான ஒரே ஓர் அடி.

முதல் பரிசு ராக்கிக்கு. எங்களுக்கு இரண்டாவது. நடுவில் வந்த அந்த நிதானமான தாளப் பகுதி புதுமையாக இருந்தது என்று நடுவர் மைக்கிலேயே பாராட்டினார். செல்வம் எழுந்து நின்று நன்றி சொன்னான்.

அப்பா வெளியே சைக்கிள் பக்கத்தில் காத்திருந்தார்.

"பாட்டு சுமார்தான்டா. நடுவுல நீ பேசாம நின்னியே, அந்த எடம் நல்லா இருந்துச்சு." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு அடி போனவர் திரும்பாமலே, "சரி, பாடு" என்றார்.

மண்டபத்துக்குப் பின்னால் ஐயா டிரம்ஸை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். போய் ஒரு கை கொடுத்தேன்.

"ஐயா, நான் வரிய மறந்துட்டேன்."

"தெரியும்."

"எத்தன சுத்து வாசிச்சீங்க?"

"எண்ணேல்லை."

எல்லாவற்றையும் எண்ணுகிற மனிதர் இப்படிச் சொன்னதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"எனக்கு ஞாபகமே வராமப் போயிருந்தா?"

"நீர் வருமட்டும் வாசிச்சிருப்பன்."

"நமக்குப் பின்னால இன்னும் நாலு பேண்டு காத்துக்கிட்டு இருந்துச்சே ஐயா."

"இருந்திருப்பினம்" என்றார்.

அவரை நிறுத்தத்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பதை அங்கேயே சொல்லிவிட நினைத்தேன். கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதையும் சொல்லவில்லை.

அதன்பிறகு எத்தனையோ மேடைகளில் பாடிவிட்டேன். எனக்குப் பின்னால் எத்தனையோ பேர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள், அவரைவிட வேகமாக, அவரைவிட ஜோராக. அவர்களோடு பாடும்போது நான் ஒரு வரியைக்கூட மறந்ததில்லை. மறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.