அறுபத்தெட்டு டிகிரியில் நான் செய்த காரியம்

விஸ்கான்சின்,
ஜூன் 9

மரியாதைக்குரிய ஹார்லன் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் வெர்லின் தலைகுனிந்து எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். ஆஸ்பத்திரியில் உங்கள் புது முழங்கால் மடங்குகிறதா என்று அறிய ஆவல். ஏரிதான் சுகமில்லை. காரணம் நான்.

கிளம்பும்போது, படகுத்துறையில் தொங்கும் ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டரை என்னிடம் ஒப்படைத்து, "தண்ணி அறுபத்தெட்டு டிகிரி வந்துட்டா ப்ளூகில் மீனு கரையோரம் குழி பறிக்கும்டா. பொட்டை முட்டை போட்டுட்டுப் போயிடும், ஆண்தான் காவல் நிக்கும். அதைத் தொடாத. யார்கிட்டயும் வாயத் திறக்காத" என்றீர்கள். ஒன்பது வருஷமாகப் பெரிய மீன்களைத் திரும்ப விட்டு விட்டு நீங்கள் வளர்த்த மூலை. நானும் பெரிதாகத் தலையாட்டினேன். லைலாக் பூத்த அன்று பார்த்தால் சரியாக அறுபத்தெட்டு. தட்டு தட்டாகக் குழி, குழிக்கு ஒரு அப்பன். ஒன்றே ஒன்று என்றுதான் தூண்டிலைப் போட்டேன் அத்தான். காவல் நிற்கிறவனுக்குப் பசிகூட இல்லை, பிள்ளைகள் பக்கம் புழு வந்ததே என்று கடிக்கிறான். இருபத்தைந்தில் என்னை நிறுத்தியது, ஒரு நாளைக்கு அவ்வளவுதான் என்கிற சட்டம், மனசாட்சி இல்லை. அதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை சர்ச் மீன் விருந்துக்கு அதைக் கொண்டுபோனேன். ஊர்த் தூண்டில்காரன் டெல்மர் வந்து, "எங்கேப்பா பிடிச்ச?" என்றான். நான் இடத்தைச் சொல்லவே இல்லை. "தண்ணி அறுபத்தெட்டு ஆயிடுச்சு" என்று மட்டும் பெருமையடித்தேன். அவன் என் பூட்ஸைக் குனிந்து பார்த்து, "இந்தச் செம்மண்ணு உங்க அத்தான் துறையிலதானே இருக்கு?" என்றான். மறுநாள் பதினான்கு படகு. இப்போது குழி இருக்கிறது, அப்பன்மார் இல்லை. பொடி மீன்கள் முட்டையைத் தின்றுகொண்டிருக்கின்றன.

நீங்கள் திட்டினால் தாங்குவேன். நீங்கள் திட்ட மாட்டீர்கள், பேசாமல் இருந்துவிடுவீர்கள். அதற்குத்தான் எனக்குப் பயம். தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டேன், இனி என் கை அதைத் தொடாது.

ஆர்டிஸ் அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும், கடிதத்தைக் காட்ட வேண்டாம். கர்த்தர் உங்கள் முழங்காலையும் என் வாயையும் காப்பாராக.

இப்படிக்கு,
வெர்லின்

பி.கு: உறையை ஒட்டுமுன் துறைக்குப் போனேன். கோடிக் குழியில் ஒருவன் மிச்சமிருக்கிறான், உள்ளங்கை அகலம். காலையிலிருந்து படகில் அவனுக்குக் காவல் இருக்கிறேன். வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று சும்மா ஒரு தூண்டில் வைத்திருந்தேன். கடித்துவிட்டான். உடனே விட்டுவிட்டேன் அத்தான், சத்தியமாக. நேரே அதே குழிக்குப் போய், என்னைப் பார்த்தபடி நிற்கிறான். அவனே திரும்பி வந்துவிட்டான், நீங்களும் வந்துவிடுங்கள்.