அதிரசம் வைத்த நாற்காலி

நாலு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். எங்கள் ஊர் மாதா கோவில் பீடத்துக்குப் பூத்தையல் போட்டு ஒரு விரிப்பு தைத்துக் கொடுத்தேன்; மூன்று பங்குச் சாமியார்கள் மாறிப் போன பிறகும் அது கிழியவில்லை. மாமியாரைக் கடைசிக் காலத்தில் ஒரு சுடுசொல் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன். (சரி, இரண்டு மூன்று சொல்லியிருப்பேன்.) இதில் ஒன்றையாவது யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா என்றால் இல்லை. வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் என் பேரைச் சொன்னால், "லூர்துமேரியா? அந்த நாற்காலிக்காரம்மாதானே?" என்கிறார்கள். கல்யாண வீடு, சாவு வீடு, ஞானஸ்நான வீடு, எங்கே போனாலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்கள் கையில் இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நான் போய்ப் படுத்துக்கொள்வேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் பெண்ணுக்கு இருபத்திரண்டு என்பது வயதில்லை, வியாதி. ஊரில் எல்லோரும் அம்மாவிடம் அப்படித்தான் விசாரிப்பார்கள்: "இன்னும் ஒன்னும் ஆவலியா?" இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் வீட்டார் நான் கறுப்பு என்றார்கள். அது உண்மைதான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது வீட்டார், "பொண்ணு பரவால்ல, வூடுதான் வெறிச்சுனு கீது" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். வீட்டுக்கு என்னவாவது செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் சனி பிடித்தது.

மூன்றாவதாக வரப்போவதாகச் சொன்னது பாகூர்ப் பக்கத்து அந்தோணி. ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். அவரை மாதா கோவில் திருவிழாவில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். தேர் இழுக்கிற கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மீதி இருந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தேடலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இவரும் வேண்டாமென்று போனால் நான் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். (மடத்துக்காரர்கள் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று யோசிக்கவில்லை.)

அப்போது நான் புதுச்சேரியில் மடத்துத் தையல்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தைத்து முடித்த துணிகளை வெள்ளைக்காரர் வீடுகளில் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. அதில் ஒரு மதாம் வீட்டு முன்கூடத்தை வாசற்படியில் நின்றபடியே நான் மனப்பாடம் செய்திருந்தேன். பாட்டன் காலத்து மர நாற்காலி, அதன்மேல் புத்தம்புது மெத்தை. பழைய மேஜை, அதன்மேல் புது விளக்கு. பழசும் புதுசும் கலந்து வைப்பதுதான் நாகரிகம் என்று நானே ஒரு சாஸ்திரம் வகுத்துக்கொண்டேன். வாசற்படிக்கு அந்தப்பக்கம் நான் ஒரு நாளும் போனதில்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மதாமும் கட்டினாள். முன்கூடத்துச் சாமான்கள் கப்பலுக்குப் போயின. பின்கட்டில் இருந்ததையெல்லாம் கொல்லையில் எடுத்துப் போட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் போன அன்று அங்கே அந்த நாற்காலி நின்றது. கறுத்த மரம், கைப்பிடி முழுக்கக் கொடி வேலைப்பாடு, உட்காருமிடத்தில் பச்சை வெல்வெட்டு. மதாம் அதைக் காட்டி பிரெஞ்சில் நீளமாக என்னவோ சொன்னாள். அவள் தாயைப் பற்றி ஏதோ, படுக்கையைப் பற்றி ஏதோ. அதற்குமேல் பிடிபடவில்லை. எனக்கு அந்த பாஷையில் வாய் திறந்து சொல்லத் தெரிந்தது ஒரே சொல், ஆமாம் என்பதற்கு. "வுய், மதாம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு தடவை விளக்கினாள். "வுய், வுய்" என்றேன், அவசரமாக.

அப்பா மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு அதை ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் வெல்வெட்டு மெத்தை ஒரு மூடி என்பது தெரிந்தது. தூக்கினால் உள்ளே பலகை, பலகையில் கச்சிதமாக ஒரு வட்டத் துவாரம்.

"இன்னாடி இது, ஓட்டையா கீது?" என்றாள் அம்மா.

படித்த பெண் இல்லையா, நான் தயங்கவில்லை. "துரைங்க தொப்பி போடுவாங்க இல்ல? குந்தும்போது தொப்பிய கழட்டி உள்ள வச்சு மூடிடுவாங்க. கசங்காது."

அம்மா அதை அப்படியே நம்பினாள். வெள்ளைக்காரனுடைய மூளையே மூளை என்று வேறு சொன்னாள். அப்பா ஒரு வாரம் அதில் குந்தித்தான் வெற்றிலை போட்டார்.

மதகடிப்பட்டுக் கடையில் நீலப் பெயின்ட் அடித்த இரும்பு மடக்கு நாற்காலி இரண்டு வாங்கினோம். மேஜைக்குப் பூப்போட்ட ஆயில்கிளாத். ஜன்னலில் நைலான் திரை. மதாம் வீட்டிலிருந்து வந்த, முள் விழுந்துபோன சுவர்க்கடிகாரம் ஒன்று. அதன் தலையில் பிளாஸ்டிக் ரோஜா. கூடத்து நெல் குதிர் வெளியே போனது. கலப்பையைக் கொட்டகைக்கு அனுப்பினேன். அப்பா வயலிலிருந்து வந்து சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வூடா இது, ஏலக்கடையா?" என்றார். "நான் எங்க காலு வக்கிறதும்மா?"

"சுவரோரமா நடங்கப்பா" என்றேன். மனுஷர் இரண்டு வாரம் சொந்த வீட்டில் சுவரோரமாகவே நடந்தார்.

இதோடு விட்டிருந்தால்கூட தப்பித்திருப்பேன். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அம்மா அதிரசம் சுட்டாள். வீட்டில் அப்போது எறும்புத் தொல்லை. தூக்குச் சட்டியை எங்கே வைத்தாலும் வரிசை கட்டிக்கொண்டு வந்துவிடும். நாற்காலியின் கால்களோ பித்தளைப் பூண் போட்டு வழவழவென்று இருந்தன. நான் மூடியைத் தூக்கி, சட்டியைத் துவாரத்தில் இறக்கிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. மெத்தையைப் போட்டு மூடினேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமைக்கு அளவே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானம் அவர்கள் வந்தார்கள். அந்தோணி, அவருடைய அம்மா, அவருடைய பெரியப்பா சவேரிநாதன். பையனுக்குத் தகப்பன் இல்லை. பெரியப்பா வைத்ததுதான் சட்டம். தரகர் அவரைப் பற்றி ஏற்கெனவே நிறைய சொல்லியிருந்தார். புதுச்சேரியில் ஒரு பெரிய துரையுடைய ஆபீஸில் இருந்தவர், துரைக்கு அவர் இல்லாமல் ஒரு காரியம் ஓடாது, கூடவே இருப்பார் என்று. அதனால்தான் அவருக்கென்றே அந்த நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். பெரியவர் உட்காராமல் போனால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை.

நான் உள்ளே கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க, குந்துங்க" என்று அப்பா நாற்காலியைக் காட்டினார்.

சவேரிநாதன் நாற்காலியைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கினார். "இருக்கட்டுங்க. நிக்கிறேன்."

"அட, குந்துங்க. உங்களுக்குன்னே போட்டது."

"முட்டி நோவுங்க."

"முட்டி நோவுன்னா குந்தத்தானே வேணும்?"

அவர் இன்னும் ஓரடி தள்ளி நின்றார். பெரியப்பா நிற்பதால் அந்தோணி நின்றார். மகன் நிற்பதால் அவருடைய அம்மா நின்றார். விருந்தாளிகள் நிற்பதால் அப்பா நின்றார். ஒரு கூடம் நிறைய நாற்காலிகளைப் போட்டுவிட்டு எல்லோரும் கோவிலில் சுவிசேஷம் கேட்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்கள்.

நிலைமையைச் சமாளிக்க என் அம்மா வந்தாள். "மொதல்ல வாய் நனைங்க" என்று சிரித்தபடி நாற்காலி மூடியைத் தூக்கி, உள்ளே கைவிட்டு, சட்டியை எடுத்தாள். தட்டில் அடுக்கி நீட்டினாள்.

சவேரிநாதன் முகம் போன போக்கை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை. அந்தோணியும் அவர் அம்மாவும் ஆளுக்கொன்று எடுத்துக் கடித்தார்கள். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டார். "எனக்குப் பல் நோவு" என்றார்.

அப்பா சாது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது இரண்டே தடவை, அன்றைக்கு ஒன்று. "ஏங்க, நாங்க பயிர் வக்கிறவங்க. நீங்க துரை ஆபீசுல இருந்தவரு. எங்க வூட்ல குந்தறதும் துன்றதும் உங்களுக்குக் கௌரவக் கொறச்சல்னா நேரா சொல்லிடுங்க. பொண்ண நிக்க வச்சு அவமானப்படுத்தாதீங்க."

"ஐயோ, அப்படி இல்லீங்க" என்றார் அவர். அந்தோணி தலைகுனிந்துகொண்டார். அவருடைய அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தார். போய்விடப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது. நான் வந்தேன். தலையில் முக்காடு போடக்கூட மறந்து வந்தேன். வந்தவள் அழுதிருந்தாலாவது பரவாயில்லை, பாடம் நடத்தினேன்.

"இது சாதாரண நாற்காலி இல்லீங்க. புதுச்சேரி மதாம் வூட்டு நாற்காலி. துரைங்க தொப்பி வக்கிறதுக்குன்னே செஞ்சது. நீங்க துரைகூடவே இருந்தவரு, உங்களுக்குத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தோணியைப் பார்த்தார். தம்பி மகன் முன்னால் எதையோ விடுகிறோமே என்று யோசிக்கிற பார்வை அது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

"தெரியும்மா" என்றார். "நல்லாவே தெரியும். துரைக்குக் காலு ரெண்டும் வராமப் போயிடுச்சு. எழுந்து வெளிய போவ முடியாது. ஏழு வருஷம் அவரத் தூக்கி இந்த மாதிரி நாற்காலியிலதான் குந்த வப்பேன். அந்த ஓட்டைக்குக் கீழ சட்டி இருக்கும். தெனம் காலையில அத எடுத்துக்கினு போய்க் கொட்டிக் கழுவினது நான்தாம்மா. ஆபீஸ் கீபீஸ் எல்லாம் ஒன்னும் இல்ல. வூட்டு வேலதான்."

அம்மா கையிலிருந்த தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் தலைக்கு மேலே தூக்கினாள். வரப்போகிற மாமியார் வாயில் பாதி அதிரசம் இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்த அம்மாள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. ஒரு வாரம் அதில் குந்தி வெற்றிலை போட்ட அப்பா, வேட்டியின் பின்பக்கத்தை மெல்லத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அந்தோணி விழுங்கிவிட்டார். என் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்: "கழுவினீங்களா?"

என் கணவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். மற்ற பெண்களிடம் புருஷன்மார் முதலில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

"சோடா உப்பு போட்டுத் தேய்ச்சேன்" என்றேன். அதற்கப்புறம்தான் அழுதேன்.

முதலில் சிரித்தது சவேரிநாதன். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படியே சரிந்து தரையில் குந்திவிட்டார். பெரியவர் உட்கார்ந்துவிட்டதால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள், எல்லோரும் தரையில். அப்பா அவர் பக்கத்தில் போய் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். கல்யாணப் பேச்சு அங்கேயே முடிந்தது. நாற்காலியை அப்பா கொட்டகையில் போட்டார். அதில் கோழி அடைகாத்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் பெரியப்பாவுக்கு அன்றைக்கு ஒரு பாரம் இறங்கிவிட்டது. அதுவரை துரை வீட்டைப் பற்றி வாயே திறக்காத மனுஷர், அதற்கப்புறம் வாயை மூடவே இல்லை. நான் செய்த வேலை இது, ஏழு வருஷம் செய்தேன் என்று தலைநிமிர்ந்து சொல்வார். கையோடு என் கதையையும் சொல்வார். பஸ்ஸில் பக்கத்தில் குந்துகிறவனிடம் சொன்னார். களையெடுக்கும் வயலோரம் நின்று சொன்னார். என் பிள்ளைகள் ஒவ்வொன்றின் ஞானஸ்நானத்திலும் சொன்னார். நான் என்ன செய்ய முடியும்? அன்றைக்கு அவர் வாய் திறக்காமல் போயிருந்தால் அவர் கௌரவம் அவரிடம் இருந்திருக்கும், எனக்குத்தான் வாழ்க்கை இருந்திருக்காது. அந்த நன்றிக்காக எத்தனை தடவை சொன்னாலும் நானும் சேர்ந்து சிரித்தேன். முகமே வலித்துப்போனது.

கடைசியில் அவர் எங்கள் வீட்டில்தான் படுத்தார். நானே தூக்கி வைத்தேன், நானே கழுவினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் தொட்டு வைக்கிற அவஸ்தைப் பூசுதலுக்குப் பங்குச் சாமியார் வந்தார். ஊருக்குப் புதுசு, வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும் என்று எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். வெகுநேரம் ஆயிற்று. பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்கிற நிலைமை. அத்தனை பாவமா என்று எனக்குக் கவலையாக இருந்தது. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பா இல்லை, சாமியார்.

கதவு திறந்தது. ஜெபம் சொல்ல இன்னும் நேரமாகுமே, பாவம் நிற்கிறாரே என்று நான் ஒரு நல்ல நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டேன். சாமியார் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணாம்மா" என்றார். "இந்த ஜெபத்த நின்னுக்கினுதான் சொல்லணும்."

அதே சாமியார் அதற்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அதே ஜெபத்தை, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சொன்னதை நான் என் கண்ணால் பார்த்தேன்.