குழி சொன்ன வசனம்

கன்னியாஸ்திரிகள் ஆறு வாரம் உட்கார்ந்து தைத்த நீலப் பட்டுக் கவுன் சில்வானோவுக்குச் சேரவில்லை.

அளவெடுத்தபோது அவன் ஒல்லிக்குச்சி. ரொட்டிக்கடைக்காரர் மகன், பதினைந்து வயது, பெண்குரல். அந்த ஆறு வாரத்தில் தோள் விரிந்து, உதட்டுக்கு மேலே பூனைமயிர் அரும்பி, "அன்பே" என்று ஆரம்பித்தால் "அன்" ஒரு கட்டையிலும் "பே" வேறு கட்டையிலும் வந்தது. நாடகத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

"ஒரு பொண்ணையே நடிக்க வச்சா என்ன சாமி?" என்று கேட்டான் கசாப்புக்கடை பேப்பி.

தோன் அத்தீலியோ சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆணும் பெண்ணும் ஒரே மேடையில ஏறக்கூடாதுன்னு ஆயரோட உத்தரவு சுவத்துல தொங்குது. நீ வாசிக்கலையா?"

"தொங்குறது தெரியும் சாமி. அந்த ஆணியிலதான் என் கோட்டை மாட்டுறேன்."

அவர்கள் போட இருந்தது வெரோனாக் காதலர்கள் கதை. பகையாளி வீட்டுப் பையனுக்கு மனசைக் கொடுத்து, அப்பன் பார்த்த பிரபுவை வேண்டாமென்று சொல்லி, கடைசியில் கல்லறையில் செத்துக் கிடக்கிறாளே பதினான்கு வயது நிரம்பாத பெண், அவள் கதை. வெரோனா அந்த ஊரிலிருந்து இரண்டு மணி நேர சைக்கிள் தூரம். எங்கெங்கோ இருப்பவனெல்லாம் அதைப் போடுகிறான், சொந்தக்காரர்கள் நாம் சும்மா இருப்பதா என்பது சாமியாரின் ரோஷம்.

கவுனை வரிசையாக எல்லார் மேலும் வைத்துப் பார்த்தார்கள். தபால்காரருக்குத் தொப்பை தடுத்தது. தச்சருக்குக் கை நுழையவில்லை. கடைசியில் சாமியாரின் பார்வை மேடையின் முன்விளிம்பில் குனிந்து செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த ஒத்தோரினோவின் முதுகில் போய் நின்றது.

ஒத்தோரினோ நடிக்க வரவில்லை. வசனம் எடுத்துக் கொடுப்பவர் உட்காருவதற்கு மேடையில் ஒரு குழி வேண்டும், அதற்கு நாலு பக்கமும் கல் கட்ட வந்திருந்தான். நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் செங்கல் சூளையின் வாயில் நின்று, உடம்பு நன்றாகச் சுண்டிப் போயிருந்தது. கவுன் அவனுக்கென்றே தைத்ததுபோல் உட்கார்ந்தது.

"சாமி, எனக்கு மீசை இருக்கு."

"அது வளரும்."

"எனக்குக் கல்யாண வயசுல ஒரு மக இருக்கா."

"அப்ப அந்த வயசுப் பொண்ணு எப்படிப் பேசும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

முடியாது என்று சொல்லிவிட்டு அவன் கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பால்மீரா அம்மாள் வந்தாள். மேடைத் திரைக்கு வெல்வெட் துணி கொடுத்தவள் அவள். சூளை மேஸ்திரி ஃபெருச்சோவைப் பெற்றவளும் அவள்தான். மகனுக்கு நாற்பத்தொன்று. ஈஸ்டர் முடிந்ததும் ஒத்தோரினோவின் மகள் நீவெஸை அவனுக்குக் கட்டுவதாகப் பேச்சு.

"சம்பந்தி, ஊரே உங்களை நம்பியிருக்கு," என்றாள். "எங்க வெல்வெட் வீணாப் போகக்கூடாது பாருங்க."

ஒத்தோரினோ தலையாட்டினான். சூளையில் வாசல் காவலுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த அறையில் ஒரு நாற்காலியும் ஒரு அடுப்பும் உண்டு. லாரி வந்தால் மணியடிக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் மேஸ்திரியின் மாமனாரை யாராவது நெருப்பின் வாயில் நிறுத்துவார்களா? இருமல் வரும்போதெல்லாம் அவன் அந்த நாற்காலியை நினைத்துக்கொள்வான்.

வசனம்தான் இடித்தது. அவன் எழுத்துப் படித்ததே நாற்பது வயதில், இதே மண்டபத்தின் சாயங்காலப் பள்ளியில். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டு போவான். பக்கத்தின் அடிக்குப் போவதற்குள் மேலே இருந்தது மறந்துவிடும்.

"மனப்பாடமே வேண்டாம்," என்றார் சாமியார். "நீ கட்டின குழியில மணியடிக்கிற நம்ம கோயில்பிள்ளை உகோ உக்காந்திருப்பான். அவன் மெதுவாச் சொல்றதை நீ உரக்கச் சொல்லு. யோசிக்காதே. யோசிச்சேன்னா கெடுத்துடுவே."

ஒத்தோரினோ யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒத்திகையில் குழிக்குள்ளிருந்து உகோ, "ஐயோ, மெழுகுவத்தி, திரையில பத்திக்கப்போவுது, யாராவது எடுங்களேன்" என்றான். ஒத்தோரினோ நெஞ்சில் கைவைத்து, மேலே பார்த்து, தழுதழுத்த குரலில் அதையே சொன்னான். வெல்வெட்டில் ஒரு சாண் கருகியது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குரலுக்குப் பழக்கம் வேண்டும் என்று நீவெஸ் வீட்டில் படித்துக் காட்டினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. பட்டு நூல் ஆலையில் வேலை. மேடையில் ஏற அவளுக்குக் கொள்ளை ஆசை. ஏறமுடியாத கோபத்தையெல்லாம் அடுப்படியில் காட்டினாள். அப்பன் வேடத்து வசனம் அவளுக்கு, மகள் வேடம் அவள் அப்பனுக்கு.

"வர்ற வியாழக்கிழமை நீ அவனைக் கட்டிக்கிறே. இல்லேன்னா என் வீட்டுப் படியை விட்டு இறங்கு," என்று நீவெஸ் மேசையைக் குத்துவாள்.

"அப்பா, முழங்கால் போட்டுக் கேக்குறேன்," என்பான் ஒத்தோரினோ.

"முழங்கால் எங்கே? தரையில போடுப்பா. இன்னும் நல்லாக் கெஞ்சு. உன் மனசை யாரு கேட்டா? நீ பொண்ணு."

"கொஞ்சம் மெதுவாத்தான் கத்தேன்."

"நீ என்கிட்டக் கத்துன அளவுக்குத்தான் கத்துறேன். அளவு மாறல."

அவன் மனைவி எல்தா சோளக்களியைக் கிளறிக்கொண்டே சிரித்தாள்.

சனிக்கிழமை மீசையை எடுத்தான். முகமெல்லாம் செங்கல் நிறம், உதட்டுக்கு மேலே மட்டும் பால் வெள்ளை. மீசை இருந்ததைவிட இல்லாதது பளிச்சென்று தெரிந்தது.

"இருபது வருஷமா இந்த உதட்டைத்தான் மறைச்சு வச்சிருந்தீங்களா?" என்றாள் எல்தா. "நல்லதுதான் பண்ணியிருக்கீங்க."

நிறம் ஒன்றாக இருக்க முகம் முழுக்க மாவு பூசினார்கள். மாவு மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மலில் கவுனின் முதுகுப்பக்கம் பிரிந்தது. அதை மறைக்கச் சால்வை போட்டார்கள். சால்வையை மிதித்துக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவன் மேடையேறினான்.

மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. முன்வரிசையில் பால்மீரா அம்மாள் விசிறியோடு, பக்கத்தில் மகன் ஃபெருச்சோ. மூன்றாம் வரிசையில் எல்தாவும் நீவெஸும். முதல் பாதி எப்படியோ போய்விட்டது. மாடத்துக் காட்சியில் கீழே நின்ற காதலன் மேல் இரண்டு முறை தும்மினான், பறந்த மாவை ஜனங்கள் பனி என்று எடுத்துக்கொண்டார்கள். இடைவேளையில் ஃபெருச்சோ எழுந்துபோனான். சூளை நெருப்புக்கு ஞாயிறு லீவு கிடையாது, பார்த்துவிட்டு வரவேண்டும். அம்மாள் அவன் நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்தாள்.

பிறகு அப்பன் மகள் சண்டை. அப்பனாக வந்த கசாப்புக்கடை பேப்பி முஷ்டியை உயர்த்தினான்.

"வியாழக்கிழமை நீ அந்தப் பிரபுவைக் கட்டிக்கிறே."

ஒத்தோரினோ முழங்காலில் விழுந்தான். பலகையில் தலை நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆணி குத்தியது. குழிக்குள்ளிருந்து, "அப்பா, முழங்கால் போட்டுக் கேக்குறேன்" என்று ரகசியமாய்க் குரல் வந்தது. குரல் கொஞ்சம் கரகரத்தது. ரகசியக் குரல் யாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அப்பா, முழங்கால் போட்டுக் கேக்குறேன்," என்றான் ஒத்தோரினோ.

"நான் ஃபெருச்சோவைக் கட்டிக்கமாட்டேன்," என்றது குழி.

"நான் ஃபெருச்சோவைக் கட்டிக்கமாட்டேன்."

பேப்பியின் முஷ்டி அந்தரத்தில் நின்றது. "யாரு ஃபெருச்சோ? நான் பிரபுவையில்ல சொன்னேன்?"

"அவனுக்கு நாப்பத்தொரு வயசு. தூங்கும்போதுகூடக் காலுறையைக் கழட்டமாட்டான்," என்றது குழி. ஒத்தோரினோ கண்ணீரோடு அதையும் சொன்னான். ஆணி இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

"அவிச்ச முட்டையை இன்னும் அவன் அம்மாதான் உரிச்சுக் குடுக்குறாங்க. முதல்ல அவன் ஒரு முட்டையைத் தானா உரிக்கட்டும். அப்புறம் கல்யாணம் பேசலாம்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவன் காது அவனுக்குச் சொன்னது. மண்டபம் கூரை அதிரச் சிரித்தது. அவன் உடனே மூன்றாம் வரிசையைப் பார்த்தான். நீவெஸ் அங்கேயேதான் இருந்தாள், திறந்த வாய் மூடாமல்.

பால்மீரா அம்மாள் எழுந்தாள். "அந்த முட்டை விஷயம் எங்க வீட்டு மேசையைத் தாண்டினதே இல்லை. இவங்க எங்க வீட்டை வேவு பாத்திருக்காங்க," என்றாள். "இந்தக் குடும்பத்துல பொண்ணு எடுத்தா என் பேரு பால்மீரா இல்லை." வெல்வெட்டைக் கழற்றப் போனவளைச் சாமியார் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். பெண் செத்துத்தான் நாடகம் முடிந்தது. அதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒத்தோரினோ மகளைப் பிடித்தான். "நீதானே உகோகிட்ட எழுதிக் குடுத்தே?"

"நான் எழுதியிருந்தா முட்டையோட விட்டிருக்கமாட்டேன்," என்றாள் நீவெஸ். "எனக்கு எப்படிப்பா அது தெரியும்? அந்த வீட்டுப் படி ஏறினதே கிடையாது." அவன் முகத்தை உற்றுப் பார்த்து, "ஆனா அந்த இடத்துல நீ நெஜமாவே அழுதே," என்றாள்.

"ஆணி குத்திச்சு."

"ஆணி மட்டுமா?"

அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். கீழே கிடந்து பார்த்தபோது பேப்பியின் முஷ்டி ரொம்பப் பெரிதாகத்தான் இருந்தது.

"அந்தச் சம்பந்தம் போச்சு," என்றான். "சரி, விடு. இனிமே யாரையும் உனக்குப் பாக்கலை. நீயே சொல்லு."

திங்கட்கிழமை காலையில் வேலைக் கோட்டைக்கூடப் போடாமல் சூளைக்குப் போனான். எப்படியும் சீட்டைக் கிழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரி ஃபெருச்சோ கேட் பக்கத்தில் நின்றிருந்தான். ஒத்தோரினோவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு சாவியை நீட்டினான்.

"வாசல் அறை சாவி. நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், ஆணி அடிச்சுக்கோ."

ஒத்தோரினோ சாவியை வாங்கினான். "மேஸ்திரி, நேத்து நான் சொன்னது..."

"நல்லாத்தான் சொன்னே. ஒரு வார்த்தைகூட விடலை," என்று ஃபெருச்சோ வேகமாய் நடந்துவிட்டான்.

மத்தியானம் அறைச் சன்னல் வழியாக ஒத்தோரினோ பார்த்தான். மேஸ்திரி ஒரு கல் அடுக்கின்மேல் தனியாக உட்கார்ந்து ஒரு முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். பாதி வெள்ளை ஓட்டோடு போனது. அவன் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

நாலு மணி வாக்கில் கோயில்பிள்ளை உகோ கேட்டுக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்து, தலைமுடியில் புறா இறகு. மண்டபத்துக்குக் கொஞ்சம் செங்கல் வேண்டுமாம்.

"உகோ, உன்னைக் கட்டிப்பிடிக்கிறதா, கழுத்தைப் பிடிக்கிறதான்னு தெரியலை," என்றான் ஒத்தோரினோ. "அந்த முட்டைக் கதையை எங்கேடா பிடிச்சே?"

"எந்த முட்டை? ரெண்டாம் பாதிக்கு நான் குழியிலேயே இல்லையே," என்றான் உகோ. "இடைவேளையில உங்க மேஸ்திரி ஒரு புட்டி கிராப்பாச் சாராயத்தைக் கையில குடுத்து, 'நீ போய் மணிக்கூண்டுல படு, மீதியை நான் படிச்சுக் குடுக்குறேன்'னாரு. இப்பதான் எறங்கி வர்றேன். ஏன், அவரு சரியாப் படிக்கலையா?"