அரை நோன்பு நபீல்

மலைப்பாதையின் பதினெட்டு வளைவுகளையும் இறங்கி முடித்த நிம்மதியில் நபீல் பெருமூச்சு விட்டான். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அதே நேரம் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"ஹிதாயா, எஞ்சின் சூடாகுது. மாமிக்குச் சொல்லாத."

"எனக்குக் கேக்குது மருமகன்," என்றார் பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்த ரபீகா.

அதுதான் கரவனில் உள்ள தொல்லை. பழைய வேனொன்றுக்குள் கட்டில், குளிர்ப்பெட்டி, மூலையில் ஒரு குட்டிக் கழிப்பறை என்று நபீல் ஆசை ஆசையாக வீடே கட்டியிருந்தான். ரகசியம் பேச ஓர் அறை கட்ட மறந்துவிட்டான்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் பயணம். மச்சான் ஸைத் வீட்டில் மாலை குடும்பமே கூடி நோன்பு திறக்கப் போகிறது. பயணம் செய்கிறவர் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம். புறப்படுமுன் மனைவி ஹிதாயா அதைத்தான் சொன்னாள். ஆனால் கல்யாணமான முதல் வருடம் நோன்போடு நட்டநடுப் பகலில் மயங்கி விழுந்த நாள் முதல் மாமியார் வீட்டில் அவனுக்கு 'அரை நோம்பு நபீல்' என்றே பெயர். பதினான்கு வருடப் பெயர். இன்றோடு அதை அழித்துவிடுவதென்று அவன் கங்கணம் கட்டியிருந்தான்.

"சலுகை ஒண்டும் வேணாம். நோம்போடதான் ஓட்டுவேன்," என்று மார்தட்டினான்.

"அப்ப நானும் புடிக்கிறேன்," என்றார் மாமியார். பிறகு ஹிதாயா மட்டும் எப்படி விடுவாள்?

நபீல் கராஜ் ஜெயராஜுக்குப் போன் போட்டான்.

"ஏசிய நிப்பாட்டிட்டு ஹீட்டரப் போடுங்க பாய். எஞ்சின் சூடு உள்ள வந்துரும்."

"உள்ள நாங்க ஈக்கிறோமே!"

"எஞ்சின் போனா வாங்கணும் பாய். நீங்க வேர்த்தா தொடச்சுக்கலாம்."

ஹீட்டர் போட்டதும் கரவன் இடியப்பச் சட்டியானது. ஜன்னலைத் திறந்தால் காய்ந்த புல்லும் புழுதியும் அனல்காற்றோடு உள்ளே வந்தன. முள் இறங்கவில்லை. இரண்டு மைல் போவதற்குள் முன்பக்கம் சீறிப் புகைந்து வண்டி நின்றது.

"பயப்பட வேணாம். நோம்பு துறக்க வச்ச எட்டுப் போத்தல் தண்ணி ஈக்கி. ரேடியேற்றருக்கு ஊத்துவோம்," என்றாள் ஹிதாயா.

அதில் இரண்டை, வழியில் வண்டியை நிறுத்திக் கழிப்பறைக்குப் போவதுபோல் போய் நபீலே குடித்திருந்தான். தண்ணீர் குடித்ததைவிட, மார்தட்டிய வாயால் குடித்ததுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

குளிர்ப்பெட்டியைத் திறந்தார்கள். எட்டுப் போத்தலும் காலி.

'நான் குடித்தது இரண்டுதானே!' என்று கத்த வந்ததை நபீல் விழுங்கினான். இன்றைக்கு அவன் விழுங்கியதில் அது மூன்றாவது.

"மூடி சரியில்லாம ஒழுகியீக்கும்," என்றாள் ஹிதாயா, வெளியே பார்த்துக்கொண்டு.

"வெயிலுக்கு ஆவியாப் போயீக்கும்," என்றார் ரபீகா.

"குளிர்ப்பெட்டிக்குள்ளயா மாமி?"

"இந்தப் பக்கத்து வெயில் அப்பிடி மருமகன்."

அதற்குமேல் விசாரிக்க அவனுக்குத் தைரியமில்லை. விசாரணை தொடங்கினால் முதல் குற்றவாளி அவன்தான்.

சற்றுத் தூரத்தில் ஒரு கடையில் தெம்பிலி இளநீர்க் குலைகள் தொங்கின. தெல்தோட்டையிலிருந்து வந்து அங்கே கடை போட்டிருந்த அங்கம்மா ஒரு வாளி தண்ணீர் கொடுத்தாள். எஞ்சின் ஆறும்வரை ஊற்றக்கூடாது. காத்திருக்க வேண்டும்.

"நாங்க அந்த மரத்தடியில தொழுதுட்டு வாறோம்," என்று தாயும் மகளும் இறங்கிப் போனார்கள்.

அரை மணி நேரம் கழித்து ரேடியேற்றரை நிரப்பியபோது நபீலின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் இருட்டியது. இங்கே விழுந்தால் அடுத்த பதினான்கு வருடத்துக்கும் அதே பெயர்தான். காலி வாளியோடு கடைக்கு ஓடினான்.

"அக்கா, ஒரு தெம்பிலி வெட்டுங்க. கடைக்குப் பின்னால நிண்டு குடிச்சிட்டுப் போறேன். எங்கட ஆக்களுக்கு மட்டும் சொல்லீராதீங்க, மானம் போயிரும்."

அங்கம்மா கத்தியை எடுக்கவில்லை.

"பின்னால எடமில்ல பாய், கொஞ்சம் பொறுங்க. ஒங்க சம்சாரமும் மாமியாரும் இப்பத்தான் ரெண்டாவது காயத் தொடங்கியிருக்காங்க."