உங்கள் மகளையும் அந்தச் செயற்கைக்கோளையும் பற்றி

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு வானிலை அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது தெருவுக்கே பெருமையாகச் சொல்லி இனிப்பு கொடுத்தவன் நான்தான். இன்று அந்த வாயாலேயே சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. ஆள் என்றால் சண்டைக்காவது போகலாம். செயற்கைக்கோள், மாமா! பூமத்திய ரேகைக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறதாம். பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்குமாம். "ராத்திரியிலகூட மேகத்தோட சூட்டை அளந்து அனுப்புதுங்க, என்ன பொறுப்பு பாருங்க!" என்று உருகுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நானும்தான் நாற்காலியை விட்டு அசைவதில்லை. எனக்கு என்ன பேர் தெரியுமா? சோம்பேறி. கடல் சூடு, மேகம், ஈரம் என்று பல வருஷப் படங்களைச் சேர்த்துவைத்து, பூமி எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்றும் பார்க்கிறார்களாம். எங்கள் கல்யாண ஆல்பத்தைக் கடைசியாக எப்போது புரட்டினாள் என்று கேளுங்கள்.

நான் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். போன செவ்வாய்க்கிழமை சாரத்தில் மூன்றாம் மாடி உயரத்தில் நிற்கிறேன், போன் வருகிறது. "என்னங்க, பெரிய மேகம் ஒண்ணு வளருது. சீக்கிரம் இறங்கிடுங்க." அண்ணாந்து பார்த்தால் பளீரென்று வெயில். "யார் சொன்னா?" என்றேன். "சேட்டிலைட் படத்துல தெரியுதுங்க." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அது சொல்லி நான் இறங்குவதா? போனை அணைத்துவிட்டு இரண்டாவது கோட்டிங்கை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது பாருங்கள், அடித்த பச்சையெல்லாம் வழிந்து அந்த வீட்டுச் சொந்தக்காரரின் வெள்ளைக் கார் மேல் இறங்க, இடி இடிக்க இடிக்க நான் சாரக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நனைந்த கோழியாக நிற்க, அவர் குடையோடு வந்து, "ஏம்ப்பா, உன் வீட்டம்மா வானிலை ஆபீஸ்லதானே இருக்காங்க?" என்றார். மானமே போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் இவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றுவரை பேச்சில்லை.

ஒன்று அது, இல்லை நான். நீங்கள் சொன்னால் கேட்பாள். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசியையும் ஒரு குடையையும் எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும் வழியில், அவள் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். அவள் இடத்தில் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் மேகப் படம், அதன் மேல் பச்சையாக ஒரு பெயின்ட் துணுக்கு. அழுக்கு என்று சுரண்டப் போனேன். நான் யாரென்று தெரியாத பக்கத்து மேஜைக்காரர் பதறினார். "ஐயோ, தொடாதீங்க! அவங்க வீட்டுக்காரர் வேலை செய்யற இடம் அது. அவர் சட்டையிலேருந்து எடுத்து ஒட்டியிருக்காங்க. சேட்டிலைட் அசையாம ஒரே இடத்தைப் படம் எடுக்குதில்ல, அதனால துணுக்கும் சரியா அங்கேயே இருக்கும். மேகம் கிட்ட வந்தா உடனே போனைத் தூக்கிடுவாங்க. செவ்வாய்க்கிழமை அந்த மனுஷன் போனை அணைச்சுட்டாரு. பாவம், அழுதுட்டாங்க."

மாமா, மாற்றல் கீற்றல் எதுவும் வேண்டாம். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள், அவளிடம் மூச்சுவிடாதீர்கள். அடுத்த வாரம் வேறு தெருவில் மஞ்சள் வேலை. சட்டையில் கொஞ்சம் தாராளமாகவே சிந்திக்கொண்டு வரப்போகிறேன்.

ஆனால் ஒன்று. இவள் அழுததை அந்தப் பக்கத்து மேஜைக்காரர் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார்? அதை மட்டும் கொஞ்சம் விசாரியுங்கள்.