நமக்குப் பை இல்லை

"காட்டனாமே, காட்டன்! எம் பொண்ணு கல்யாணத்துக்குக் காட்டனாம்! ஆரணியில உக்காந்துகினு இதையும் காதால கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்குது பாரு!"

"கத்தாதடி. தெருவே கேக்குது."

"கேக்கட்டும்! பட்டுக்காரன் வீட்டுப் பொண்ணுக்குக் காட்டன் கேட்ட சம்பந்திய எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்!"

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் அவர்கள் கூடத்தைப் பார்த்தபடி இருந்தால், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

வேணுகோபால் முள்ளிப்பட்டில் இருபது தறிக்குப் பாவு நூல் கொடுத்துப் பட்டு நெய்து வாங்குகிறவர். ஒரே மகள் சூர்யகலா, கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறாள். அவளுக்கு அமெரிக்காவில் இளவரசன் என்று ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பையனின் அப்பா அன்பரசு கலசப்பாக்கத்துக்காரர், இப்போது அமெரிக்காவாசி. ஜாதகம் பொருந்தியாயிற்று. முகூர்த்தத் தேதி மட்டும்தான் பாக்கி. அதைக் கேட்டதற்கு அன்று காலை வந்த பதில்தான் இந்தக் குரல் செய்தி. வேணுகோபால் எட்டாவது முறையாகப் போனைத் தட்டினார்.

"சம்பந்தி, வணக்கம். கமிட்டி லிஸ்ட் வந்துச்சி. நாம அஞ்சாவது. முதல் நாலு பேருக்குத்தான் பை. நமக்கு பை இல்ல. முதல்ல வீட்லயே வச்சிக்கணும். அது நல்லபடியா முடிஞ்சா காட்டனோ, ஷுகரோ, ஆரஞ்சோ, அவங்க சொல்றதுதான். சாம்பியன் யாருன்னு தெரியட்டும். தேதிய அப்புறம் பேசிக்கலாம்."

"அஞ்சாவதுன்னா இன்னாங்க?" மனைவி ரேணுகாம்பாளின் குரல் சட்டென்று இறங்கியது. "அவங்க பார்த்த பொண்ணுங்கள்ல நம்ம பொண்ணு அஞ்சாவதா?"

"சே, சே. மண்டபம் வேணாம், வீட்லயே வச்சிக்கலாம்னு சொல்றாரு, பெரிய மனசு. பாவம், ஷுகர் வேற இருக்குது போல. ஆரஞ்சு ஜூஸ் கேக்கறாரு."

"ஷுகர்காரருக்கு எதுக்கு ஆரஞ்சு ஜூஸு?"

 வேணுகோபாலுக்கு ஒன்று மட்டும் பளிச்சென்று புரிந்தது. "பை, பைன்னு ரெண்டு வாட்டி சொல்றாரு பாத்தியா? தாம்பூலப் பை! அமெரிக்காவுல இருந்தாலும் கலசப்பாக்கத்து மனுஷன். இன்னைக்கே ஐந்நூறு பைக்குச் சொல்லிடுவோம். கலா!"

சூர்யகலா கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்தாள். "பிரஸ்ஸுக்கு நானே போய் பேர் எழுதிக் குடுத்துட்டு வரேம்ப்பா. நீங்க அலையாதீங்க."

"தேதி போட வேணாம்னு சொல்லு. அதான் இன்னும் தெரியலையே. ரெண்டு பேர் பேரு மட்டும் போதும்."

"சரிப்பா. ரெண்டு பேர் பேரு மட்டும்." வாசல் வரை போனவள் திரும்பி, "மத்ததெல்லாம் புரியலைன்னா எதிர் வீட்டு மாடியில பி.டி. மாஸ்டர் இருக்காரே, அவரக் கேட்டுப் பாருங்களேன். விளையாட்டு மாதிரி இருக்குது" என்றாள்.

பி.டி. மாஸ்டர் அருள்மணி வெம்பாக்கத்துப் பிள்ளை. எதிர் மாடியில் தனியாகக் குடியிருந்தான். கூப்பிட்டதும் இறங்கி வந்து, செய்தியை ஒரே தடவை கேட்டான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சார், இது ஃபுட்பால்."

"எது?"

"எல்லாமே. மாப்பிள்ளை படிச்ச காலேஜுக்கு ஒரு டீம் இருக்குது, முள்ளம்பன்றி டீம். அது அமெரிக்காவுலயே சாம்பியன் ஆகுமான்னு சம்பந்தி பாத்துகினு இருக்காரு. பைன்னா துணிப் பை இல்ல. முதல் சுத்துல ஆடாமலே ரெண்டாவது சுத்துக்குப் போறது. வீட்லன்னா டீமோட சொந்த மைதானத்துல ஆடறது. காட்டன், ஷுகர், ஆரஞ்செல்லாம் ரெண்டாவது சுத்து நடக்கற மேட்சோட பேரு."

இதற்குள் துரைக்கண்ணு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் வேணுகோபாலின் பங்காளி, நெசவாளர் சொசைட்டியின் பழைய டைரக்டர். கமிட்டி என்ற சொல் எந்தத் தெருவில் கேட்டாலும் அங்கே இருப்பார்.

"கமிட்டின்னாங்களே, அது இன்னா மாஸ்டர்?"

"நூத்தி முப்பது டீமுக்கு மேல இருக்குதுங்க. எல்லாரும் எல்லார்கிட்டயும் ஆட முடியாது. அதனால பதிமூணு பேர் ஓட்டல்ல ரூம் போட்டு, வாராவாரம் யாரு ஒசத்தின்னு வரிசை எழுதுவாங்க. கடைசி வரிசைய வச்சி பன்னெண்டு டீம் எடுப்பாங்க. அந்தப் பன்னெண்டும் மோதி, தை அஞ்சாம் தேதி வாக்குல ஃபைனல்."

"பதிமூணு பேரு ரூம் போட்டு எழுதறதுன்னா அப்புறம் ஆட்டம் எதுக்கு?"

"ஆட்டத்தப் பாத்துதாங்க எழுதறாங்க. கமிட்டியில ஒருத்தரோட சொந்தக் காலேஜப் பத்திப் பேச்சு வந்தா அவரு எழுந்து வெளிய போயிடணும்."

"அட! நம்ம சொசைட்டியில அந்த நேரத்துலதாம்பா உள்ள வருவாங்க."

வேணுகோபாலுக்குக் கமிட்டி முக்கியமில்லை. "மாஸ்டர், சம்பந்தி தேதி எப்ப சொல்லுவாரு?"

"முள்ளம்பன்றி ஃபைனலுக்குப் போனா அவரு அங்க இருக்கணும், தைக் கடைசிதான் முகூர்த்தம். முன்னாடியே தோத்தா தை முதல் வாரம்."

அன்றே வேணுகோபால் இரண்டு மண்டபங்களில் இரண்டு தேதிக்குப் பெயர் பதிந்தார். பட்டுக்காரர் மகள் கல்யாணம் தையில் இரண்டு தடவை நடக்கப்போவதாகக் கடைத்தெருவில் பேச்சு. நாங்கள் கிளப்பியது இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமை காலையும் அமெரிக்க வரிசை வரும். அருள்மணி வந்து விளக்குவான். சூர்யகலா காபி கொண்டுவருவாள். முள்ளம்பன்றி அஞ்சிலிருந்து எட்டுக்கு இறங்கியது. எட்டிலிருந்து பத்துக்கு. தோற்காத வாரத்தில் எப்படி இறங்கியது என்று வேணுகோபால் கேட்டதற்கு, "மத்தவங்க இவங்கள விட நல்லா ஜெயிச்சிட்டாங்க சார்" என்றான் அருள்மணி. 

நடுவே தாம்பூலப் பைகள் காகிதக் கட்டுகளாக வந்து இறங்கின. "பிரிச்சா கசங்கிடும்ப்பா" என்று சூர்யகலா அப்படியே பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை முடிவான வரிசை வந்தது. முள்ளம்பன்றி பன்னிரண்டு.

"மாஸ்டர்! பன்னெண்டு டீம் எடுக்கறாங்க. நாம பன்னெண்டாவது. அப்ப உள்ளதானே?"

அருள்மணி உத்தரத்தைப் பார்த்தான். "எண்ணத் தெரிஞ்சவங்க யாருமே இல்லைன்னு சொல்ல மாட்டாங்க சார்."

"அப்ப வாழ்த்து சொல்லிடலாமா?"

"ஜல்தியா சொல்லுங்க. முதல் ஆளா சொன்னாத்தான் மரியாதை."

வேணுகோபால் சொன்னார். ரேணுகாம்பாள் கேசரி கிளறி, அதையும் படம் எடுத்து அனுப்பினாள். பத்து நிமிடத்தில் போன் அலறியது.

"இன்னா சம்பந்தி, கிண்டலா?" அன்பரசுவின் குரல் வாசல் தாண்டி எங்கள் ஜன்னல் வரை வந்தது. "எங்கள வெளிய தள்ளிட்டானுங்கன்னு நான் சோறு திங்காம கெடக்கறேன், நீங்க கேசரி அனுப்பறீங்க!"

"பன்னெண்டாவதுன்னு..."

"பன்னெண்டாவதுக்கு இடம் இல்லய்யா!" போன் வைக்கப்பட்டது.

அருள்மணி தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, ஒரு ரூல் மறந்துட்டேன் சார். ஒவ்வொரு வட்டாரத்துலயும் ஜெயிக்கற டீமுங்கள்ல அஞ்சு டீமுக்குக் கட்டாயம் இடம் குடுக்கணும். அதுல ஒண்ணு வரிசையில இருபதாவது. அது உள்ள வந்துடுச்சி. பன்னெண்டாவது வெளிய."

"பன்னெண்டு எலை போட்டாங்க. பன்னெண்டாவது ஆளு உக்காரப் போனப்ப, சம்பந்தி வீட்டு டிரைவர் உக்காந்துட்டான்" என்றார் துரைக்கண்ணு. அமெரிக்க ஃபுட்பாலை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அன்பரசு ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. ரேணுகாம்பாள் அழுதாள். தை முதல் வாரத்து மண்டபம் கையை விட்டுப் போனது. தைக் கடைசி மண்டபம் மட்டும் மிச்சம். வேணுகோபால் எதிர் மாடிக்குத் தானே படியேறிப் போனார்.

"மாஸ்டர், எம் பொண்ணு வாழ்க்கை. எப்படியாவது அந்த மனுஷன் மனசக் குளிரவைக்கணும்."

அருள்மணி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "ஒரு வழி இருக்குது சார். காலேஜ் விளையாட்டுக்கெல்லாம் மேல ஒரு சங்கம் உண்டு. இந்தப் பெரிய ஃபுட்பாலுக்கு மட்டும் அவங்க சாம்பியன்னு யாரையும் சொல்றதே இல்ல. அந்தக் காலத்துல பேப்பர்காரங்க ஓட்டு போட்டு ஒருத்தரச் சொல்லுவாங்க, பயிற்சியாளருங்க ஓட்டு போட்டு வேற ஒருத்தரச் சொல்லுவாங்க. ஒரே வருஷத்துல ரெண்டு சாம்பியன் இருந்திருக்காங்க. தானே சாம்பியன்னு சொல்லிக்கற காலேஜ்கூட உண்டு."

"அப்ப யாரு வேணா சொல்லலாமா?"

"ஆரணி சொன்னா ஆகாதுன்னு எங்கயும் எழுதல சார்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேணுகோபாலின் கூடத்தில் பதிமூன்று பேர் கொண்ட கமிட்டி கூடியது, தலைமை துரைக்கண்ணு. போண்டா ஒரு சுற்று முடிந்ததும் அருள்மணி எழுந்தான்.

"ரூல்படி, சம்பந்தப்பட்டவங்களுக்கு உறவானவங்க வெளிய போகணும்."

பதிமூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமன், மச்சான், பங்காளி, சகலை. உறவில்லாதவர் ஒருவரும் இல்லை. பதிமூன்று பேரும் எழுந்து தெருவுக்கு வந்து வெயிலில் நின்றார்கள். கூடத்தில் மிஞ்சியது அருள்மணி. காபி தர வந்த சூர்யகலாவும்தான். முடிவு வர முக்கால் மணி நேரம் ஆனது. ஜன்னல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் இந்தக் காலத்தில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

கதவு திறந்தது. "முள்ளம்பன்றி, ஒருமனதா" என்றான் அருள்மணி. தெரு கை தட்டியது.

'தேசிய சாம்பியன்' என்று ஜரிகையில் எழுத்து ஓட, முள்ளிப்பட்டின் தேர்ந்த தறியில் ஒரு பட்டு அங்கவஸ்திரம் ஏறியது. டிசைன் சூர்யகலா. டீமின் கலர் என்ன என்று கேட்டதற்குப் பச்சையும் வெள்ளியும் என்றான் அருள்மணி. மார்கழி பாதியில் துணி தறியிலிருந்து இறங்கியது. கமிட்டி பதிமூன்று பேரும் அதை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை பதில் வந்தது. ஒரே சொல்.

பை.

"பாத்தீங்களா!" என்றாள் ரேணுகாம்பாள். "எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரே, சம்பந்திக்குத் தாம்பூலப் பை மேலதான் கண்ணு!"

"இல்லம்மா" என்றான் அருள்மணி. "பைன்னா ஆடாமலே அடுத்த சுத்து. கல்யாணம் உறுதின்னு அர்த்தம்."

வேணுகோபால் தெருவுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தார். நாங்கள் நான்கு வாங்கினோம். ஜிலேபி தீர்ந்த பிறகுதான் துரைக்கண்ணுவுக்கு ஒரு சந்தேகம் வந்து, கலசப்பாக்கத்தில் இருக்கும் அன்பரசுவின் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"உங்களுக்கு மூளை கீதா?" என்றார் அண்ணன். "முள்ளம்பன்றி கலரு கத்திரிப்பூவு. இருபதாவது எடத்துல இருந்து இவனுங்க எலையில உக்காந்தான் பாரு, அவன் கலருதான் பச்சையும் வெள்ளியும்! பைன்னா போய்ட்டு வாங்கன்னு அர்த்தம்யா. சம்பந்தமே வேணாம்னுட்டான்!"

வேணுகோபால் நாற்காலியில் அப்படியே சரிந்தார். தைக் கடைசிக்கு மண்டபம் இருந்தது. பட்டு இருந்தது. மாப்பிள்ளை இல்லை. பதிமூன்று பேரும் மறுபடி கூடினார்கள். இந்த முறை யாரும் வெளியே போகவில்லை. அலைந்தவன் யார், விளக்கியவன் யார், நம் வீட்டு விஷயத்தைத் தன் வீட்டு விஷயமாகச் சுமந்தவன் யார் என்று வேணுகோபாலே கேட்டு, வேணுகோபாலே எதிர் மாடியைக் காட்டினார். யோசனை தன்னுடையது என்பதில் அவருக்கு இன்றுவரை பெருமை. சூர்யகலாவைக் கேட்டபோது, "உங்க இஷ்டம்ப்பா" என்றாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இப்போது அவர்கள் வெம்பாக்கத்தில். எதிர் மாடிக்கு ஒரு பேங்க்காரர் குடிவந்திருக்கிறார், ஜன்னலைத் திறப்பதே இல்லை, சுவாரசியமில்லாத மனிதர். இளவரசன் அங்கேயே ஒரு நெல்லூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவள் படித்தது பச்சை வெள்ளிக் காலேஜ் என்று கேள்வி. துரைக்கண்ணு மகனோடு சென்னைக்குப் போய், அங்கே அபார்ட்மெண்ட் கமிட்டியில் இருக்கிறார். அந்த வருஷம் அமெரிக்காவில் யார் சாம்பியன் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை வேணுகோபாலுக்குத் திடீரென்று தூக்கிவாரிப்போட்டது. பரண்மேல் ஐந்நூறு பை, ஐந்நூறிலும் அமெரிக்க மாப்பிள்ளை பெயர்! பிரஸ்ஸுக்கு ஓடினார். பெயரை மறைத்து ஒட்ட ஐந்நூறு ஸ்டிக்கர் உடனே வேண்டும் என்று மூச்சு வாங்கினார். அவசரமாகப் பால் வாங்கப் போன நாங்களும் அங்கே நிற்க நேர்ந்தது.

பிரஸ்காரர் கந்தசாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"எதுக்குங்க ஸ்டிக்கரு? கார்த்திகை மாசம் உங்க பொண்ணு எழுதிக் குடுத்த பேரே அருள்மணிதானுங்களே!"