ஐந்து பொட்டலம் வெண்டை விதை

மதிப்பிற்குரிய சம்பந்தி சுப்பராயலு அவர்களுக்கு,

ஆரணி தனசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் சந்தவாசல் நிலத்தில் விதைத்த வெண்டை விதைகளைக் கலந்து கெடுத்தது நான்தான். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதம். வீட்டில் எல்லோரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன், உங்களையும் என் மகளையும் தவிர.

மகள் சத்யப்ரியா தன் ஆராய்ச்சிக்கு ஐந்து பொட்டலம் கொடுத்து உங்களிடம் சேர்க்கச் சொன்னாள். ஒரே விதைதான். நாலு பொட்டலத்துக்குக் கதிர்வீச்சு காட்டி நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு என்று அளவு எழுதியிருந்தது. ஐந்தாவதில் வெறும் பூஜ்யம். எந்த அளவுக்குச் செடி எப்படி வளர்கிறது, காயில் சத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவாம். அதை நான் எங்கே காதில் வாங்கினேன்? பெண் கொடுத்த வீட்டுக்குப் பூஜ்யம் போட்ட பொட்டலத்தை எந்த முகத்தோடு கொண்டுபோவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாகப் போயிற்று. இருபது வருடமாகக் கடைகளுக்குப் பட்டுச்சேலைக் கட்டு அனுப்புகிறவன் நான். எனக்கு மட்டும் மட்டமான சரக்கா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று, நல்லதையும் சுமாரையும் எல்லாக் கட்டிலும் சமமாகப் பிரித்து வைப்பது வழக்கம். அந்தக் கை சும்மா இருக்குமா? ஐந்தையும் கடைப் பாயில் கொட்டிக் கலந்து, மறுபடி ஐந்தாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

நீங்கள் வரிசை பிசகாமல்தான் விதைத்தீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு செடி ஆளுயரம், பக்கத்துச் செடி முழங்கால் உயரம். சராசரி போட்டால் ஐந்து வரிசையும் ஒன்று, காயில் இரும்புச்சத்தும் ஒன்று. பேராசிரியர் தாளைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டாராம். இவள் வந்து அழுதாள். “மாமாதாம்பா, கண்ணாடி போடாம பேசிகினே விதைச்சிருப்பாரு. ஒரு வருசம் போச்சு.”

“வயசாயிட்டா அப்படித்தாம்மா” என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தலை குனிந்து எழுதுகிறேன். அன்றிலிருந்து அவள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு யோசனை. மழைத் தண்ணீர் விதையை இழுத்துக் கலந்துவிட்டது என்று நீங்கள் சொல்லுங்கள், நான் ஆமாம் போடுகிறேன். உங்கள் பேரும் கெடாது, என் பேரும் கெடாது. கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் சகல நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
தனசேகரன்

பி.கு.: மழை வேண்டாம். நான் முகம் கழுவி வருவதற்குள், இங்கே வந்திருந்த சத்யப்ரியா இதைப் படித்துவிட்டாள். “நீ பண்ணதுக்கு மாமாவ வேற பொய் சொல்ல வெக்கிறியா?” என்றாள். பிறகு பேசி முடித்தது இது: திங்கட்கிழமை நான் நேரில் வந்து, உங்கள் வீட்டார் எதிரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புது விதை வந்ததும் அவளே விதைப்பாள், பொட்டலத்தை நான் தொடக் கூடாது. தொண்ணூறு நாளும் முதல் பஸ்ஸில் வந்து தண்ணீர் ஊற்றி, செடிசெடியாக உயரம் அளந்து நோட்டில் எழுத வேண்டும். சாப்பாடு என்னுடையது, சோதனைக்குப் போக மிச்சக் காயெல்லாம் உங்களுடையது.